ஆரோக்கியத்தின் குரல்

விருத்தாசலத்தில் வாழும் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நிதானமாக வாசிக்க வேண்டிய நாவல். புதிரை வண்ணார் சமூகத்து ஆரோக்கியம் ஊரார் துணியை வெளுக்கிறாள். பொழுது சாய்ந்ததும் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குகிறாள். அறுவடைக் களத்தில் தன் பங்குத் தானியத்துக்காகக் காத்து நிற்கிறாள். பிரசவத்துக்கும் சாவுக்கும் ஊருக்கு அவள் வேண்டும். அவளுடைய கெஞ்சலும் ஒப்பாரியும் கடலூர் வட்டாரப் பேச்சின் ஓசை குன்றாமல் பக்கமெங்கும் கேட்கின்றன.

இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளர்களை வரலாற்றுக்குள் கொண்டுவந்த வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சனின் 1963ஆம் ஆண்டு நூலில் உள்ள பொறுமையும் மரியாதையும் இந்த நாவலிலும் உண்டு. ஆசிரியர் குறுக்கிட்டுப் பரிதாபம் கோருவதில்லை. அன்றாட வேலையை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிப் போகிறார். வாய்விட்டு வாசித்தால் இதன் அருமை இன்னும் நன்றாகப் புலப்படும்.