எஞ்சிய மடல்களும் அழிந்த தாள்களும்: மேரி பியர்டின் ஆவணங்கள் குறித்து ஒரு நோக்கு

பெண்கள் வரலாறு ஒரு தனித்த ஆய்வுத்துறையாக உருப்பெறுவதற்கு வழிகோலியவர்களுள் அமெரிக்க வரலாற்றறிஞர் மேரி ரிட்டர் பியர்டு (1876-1958) குறிப்பிடத்தக்கவர். ஆவணம் இல்லையேல் வரலாறு இல்லை என்னும் கருத்தை முழக்கமாகக் கொண்டு, பெண்களின் மடல்களையும் நாட்குறிப்புகளையும் அமைப்புகளின் பதிவேடுகளையும் திரட்ட 1935 முதல் ஐந்தாண்டுகள் அயராது உழைத்தவர். அத்தகையவர் தம் சொந்தத் தாள்களில் பெரும்பகுதியைத் தாமே அழித்துவிட்டார். இம்முரணைச் சுட்டிக்காட்டி வியப்போர் பலர். வியப்பதோடு நில்லாமல், அவ்வழிவினால் இன்று நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் மேரி எத்தகையவர் என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

அமைதி இயக்கத்தைச் சார்ந்த ரோசிகா ஷ்விம்மர் 1935-ஆம் ஆண்டில் பெண்களுக்கென ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்னும் எண்ணத்தை முன்வைத்தார். அதனை ஏற்று வழிநடத்தியவர் மேரி. உலகப் பெண்கள் ஆவண மையம் என்னும் பெயரில் தோன்றிய அவ்வமைப்பு பணமுடையாலும் உட்பூசலாலும் 1940-இல் மூடப்பட்டது. அதனை வெறும் தோல்வி எனக் கொள்ளுதல் பொருந்தாது. அம்முயற்சி எழுப்பிய ஆர்வம் ஸ்மித் கல்லூரியின் சோபியா ஸ்மித் தொகுப்பிலும், 1943-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் தொடங்கிப் பின்னர் ஷ்லெசிங்கர் நூலகம் எனப் பெயர்பெற்ற காப்பகத்திலும் பலன் தந்தது. இவ்விரண்டுக்கும் மேரி ஆலோசனை நல்கினார்.

ஓலைச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட செய்தியை உ.வே.சா. வழி அறிந்த நமக்கு, ஆவண அழிவு என்றவுடன் அறியாமையே காரணமாக நினைவுக்கு வரும். மேரியின் செயலை அவ்வாறு விளக்க இயலாது. ஒரு தாளின் மதிப்பை அவரைவிட நன்கு அறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. கணவர் சார்ல்ஸ் பியர்டும் தம் மடல்களை அழித்தவரே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா நுழைந்தமை பற்றி அதிபர் ரூஸ்வெல்ட்டைக் கடுமையாகச் சாடி அவர் எழுதிய நூல் 1948-இல் வெளிவந்து பெரும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். பகைமை நிறைந்த அச்சூழலில் இல்லத்தின் அகவாழ்வைப் பிறர் துருவுவதை மேரி விரும்பியிருக்க மாட்டார் என ஊகிக்கலாம். ஊகத்திற்கு மேல் செல்லச் சான்றில்லை. சான்றைத்தான் அவர் விட்டுவைக்கவில்லையே!

எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்தவர் நான்சி காட். மேரியின் மடல்களை அவர் விரிவான முன்னுரையுடன் 1991-இல் யேல் பல்கலைக்கழக வெளியீடாகப் பதிப்பித்தார். ஒருவர் எழுதிய மடல் பெற்றவரிடமே தங்கும் என்பதால்தான் இத்தொகுப்பு சாத்தியமாயிற்று. ஷ்விம்மர், வாக்குரிமைப் போராளி ஆலிஸ் பால், ஸ்மித் கல்லூரியின் மார்கரெட் கிரியர்சன் போன்றோர் பாதுகாத்தவையே இன்று நாம் படிப்பவை. பதிப்பாசிரியரின் உழைப்பு பாராட்டுக்குரியது. இம்மூலங்களின் தன்மையை அவர் மறைக்கவுமில்லை. ஆயினும் நூலைப் பயன்படுத்தும் ஆய்வாளர் பலரும் முன்னுரையைத் தாண்டியவுடன் அதனை மறந்துவிடுகின்றனர். மேரியின் மடல்களை எவரெவர் பேணினரோ அவரவரின் அக்கறையே தொகுப்பின் வடிவத்தைத் தீர்மானித்துள்ளது. ஆதலின் இயக்கவாதி மேரியும் காப்பக அமைப்பாளர் மேரியும் பேரொளியில் நிற்கின்றனர். எழுத்து மேசையில் அமர்ந்து, எழுதியதை அடித்துத் திருத்திய வரலாற்றாசிரியர் மேரி இருளில் இருக்கின்றார்.

அவ்விருள் எங்கே மிகுதியாக உறுத்துகின்றது எனில், கூட்டாசிரியம் பற்றிய வினாவிலேதான். கணவனும் மனைவியுமாக ஏழு நூல்களை எழுதினர். அவற்றுள் 1927-இல் இரு தொகுதிகளாக வந்த ‘அமெரிக்க நாகரிகத்தின் எழுச்சி’ ஒரு தலைமுறையின் வரலாற்றறிவையே வடிவமைத்தது. தலைப்பேட்டில் இருவர் பெயரும் உள்ளன. ஆயினும் மதிப்புரையாளரும் பேராசிரியரும் ‘பியர்டு’ என்றபோது சார்ல்ஸையே கருதினர். முனைவர் பட்டமோ பல்கலைக்கழகப் பதவியோ இல்லாத மேரி உதவியாளராகக் கருதப்பட்டார். எந்தப் பகுதியை எவர் எழுதினர் என்பதைக் கூற இருவருமே மறுத்தனர். கையெழுத்துப் படிகள் முழுமையாக இருந்திருப்பின் இவ்வழக்கு என்றோ தீர்ந்திருக்கும்.

இவண் மேரியின் முதன்மை நூலாகிய ‘வரலாற்றில் ஆற்றலாகப் பெண்’ (1946) கூறுவதை நினைவுகூர்தல் வேண்டும். திருமணமான பெண்ணின் சட்டவழி இருப்பு கணவனுடையதில் ஒடுங்கிவிடுகிறது என்பது பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனின் விளக்கம். பெண்ணுரிமை இயக்கத்தினர் அவ்விளக்கத்தை வரலாற்று உண்மையாகவே ஏற்று, பெண்ணினம் காலங்காலமாக அடிமைப்பட்டே கிடந்தது என வாதிட்டனர். மேரி இதனை மறுத்தார். ஈக்குவிட்டி எனப்படும் நேர்மைமுறை நீதிமன்றங்கள், அறக்கட்டளை ஏற்பாடுகளின் வழி மணமான பெண்ணின் தனிச்சொத்தைக் காத்து வந்தமையை எடுத்துக்காட்டினார். பிளாக்ஸ்டோன் கூறியது சட்டத்தின் ஒரு பகுதியே என்பது அவர் துணிபு. சொத்துடைய குடும்பங்களுக்கே அவ்வேற்பாடு பெரிதும் பயன்பட்டது என்பதை அவர் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பது என் கருத்து. எனினும் சட்டநூலில் ஒடுங்கிய பெண்ணை ஆவணத்தில் மீட்டவர் என்னும் பெருமை அவருக்குண்டு.

அவ்வாறு மீட்டவரின் பெயரே நூலட்டையில் கணவர் பெயருக்குள் ஒடுங்கியது. அவ்வொடுக்கத்தை மறுக்கத்தக்க தாள்களும் அவர் கையாலேயே போயின. இதனைத் தன்னடக்கம் எனப் போற்றுவோருடன் நான் உடன்படவில்லை. மேரி தன்னடக்கம் மிக்கவர் அல்லர். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் பெண்களைக் கையாளும் முறையை மூன்று பெண்களின் துணையோடு ஆராய்ந்து, 1942-இல் 42 பக்க அறிக்கை அளித்தார். பாட்டு பற்றிய கட்டுரையில் பெண் பாடவே இல்லை போலும் என்னும் தொனியில் இடித்துரைத்தவர் அவர். அவ்வறிக்கையைப் பதிப்பாளர் நன்றியுடன் பெற்றுக்கொண்டு, ஏறக்குறைய எதனையும் சேர்க்காமல் விட்டனர் என்பது வேறு செய்தி. பிறர் தவிர்ப்பைக் கண்டிப்பதில் இத்துணைக் கூர்மை காட்டியவர், 1955-இல் கணவரைப் பற்றிச் சிறுநூல் எழுதியபோது தம் பங்கினைப் பின்னுக்குத் தள்ளினார். உரிமை அவருடையது. தாளை அழிக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆயின் அதன் விலையைச் செலுத்துவோர் அவருக்குப் பின்வந்த ஆய்வாளர்களே.

மேரியைத் தம் முன்னோடியாக ஏற்ற கெர்டா லெர்னர் வேறு வழியில் சென்றார். அவர் தம் தாள்களை ஷ்லெசிங்கர் நூலகத்திற்கே அளித்தார். நம் அம்பை, அதாவது முனைவர் சி.எஸ். லட்சுமி, 1988-இல் மும்பையில் பிறருடன் இணைந்து நிறுவிய ஸ்பாரோ காப்பகம் இன்னொரு வழியைக் காட்டுகின்றது. ஒலியையும் படத்தையும் முதன்மையாகக் கொண்ட அக்காப்பகம், பெண்கள் தாள் விட்டுச்செல்லும்வரை காத்திராமல் அவர்கள் வாழும்போதே சென்று கேட்டுப் பதிகின்றது. எழுதிய நூல் எப்படி உருவாயிற்று என்று மேரியிடம் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்று கேட்டிருந்தால், அவர் விடை சொல்லியிருப்பாரா? மறுத்திருப்பார் என்றே தோன்றுகிறது. ஆனால் அம்மறுப்பாவது பதிவாகியிருக்கும்.

மாணவருக்கு இத்தொகுப்பைப் பாடமாக வைக்கும்போது, ஒவ்வொரு மடலின் தலைப்பிலும் உள்ள பெறுநர் பெயரை முதலில் படிக்கச் செய்கிறேன். அதன்பின், மேரி தனித்து எழுதிய 1931, 1946 ஆண்டு நூல்களையும் 1927-ஆம் ஆண்டுக் கூட்டு நூலில் பெண்களின் உழைப்பும் கல்வியும் பேசப்படும் பகுதிகளையும் அருகருகே வைத்து, சொல்லாட்சியையும் வாதமுறையையும் ஒப்பிடச் சொல்கிறேன். கையெழுத்துப் படி தரும் உறுதியை இது தராது. ஆனால் இதற்கு வேண்டியன அனைத்தும் அச்சில் உள்ளன.