பாரடேயின் மெழுகுவர்த்தி

இரசாயனப் பாடநூல்களில் வரைவிலக்கணம் முன்னும் பரிசோதனை பின்னுமாக வருவதே வழக்கம். மாணவன் மனனம் செய்கிறான்; பரீட்சை முடிந்ததும் மறக்கிறான். 1861இல் வெளிவந்த மைக்கேல் பாரடேயின் 'மெழுகுவர்த்தியின் இரசாயன வரலாறு' இம்முறைக்கு நேர்மாறானது. இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் இளையோருக்கு நிகழ்த்திய ஆறு சொற்பொழிவுகளின் தொகுப்பு அது.

எரிவது திரியா, மெழுகா? சுடரின் நடுவே கண்ணாடிக் குழாயைச் செருகி, அதன் வழியே வரும் ஆவியை மறுமுனையில் கொளுத்திக் காட்டுகிறார் பாரடே. எரிவது மெழுகின் ஆவியென்று கண்ணே கூறிவிடுகிறது. சுடருக்கு மேல் பிடித்த குளிர்ந்த பாத்திரத்தில் நீர் துளிர்க்கிறது. உண்டாகும் கரியமில வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்குகிறது. நம் மூச்சுக்காற்றும் அவ்வாறே செய்வதை இறுதிச் சொற்பொழிவில் காட்டுகிறார்.

குறை ஒன்றுண்டு. கேள்வியும் பாரடேயுடையது, கையும் அவருடையது. மாணவர் பார்வையாளராகவே இருக்கின்றனர். ஆராய்ச்சியோ விடை தெரியாத இடத்தில் தொடங்குவது. ஆதலின் ஆசிரிய நண்பர்கள் இந்நூலை வாசித்துக் காட்டுவதோடு நில்லாமல், என்ன நிகழுமென்று ஒவ்வொரு மாணவனையும் முன்னதாகவே எழுதச் செய்தல் வேண்டும். ஊகம் பிழையாயின் சுடரே திருத்தும். ஆய்வுக்கூடம் இல்லையே என்று எந்தத் தோட்டப் பள்ளியும் இதற்காக ஏங்க வேண்டியதில்லை.