அரையங்குல அம்மன்

பென்சில் முனையில் அப்துல் கலாம். சாக்பீஸில் காந்தி. இந்த மாதிரிச் செய்தி அடிக்கடி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். பக்கத்திலேயே பூதக்கண்ணாடியும் கையுமாகச் செதுக்கியவரின் போட்டோ. எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மணி நேரம், எந்தச் சாதனைப் புத்தகத்துக்கு அனுப்பப் போகிறார் என்பதெல்லாம் விவரமாகப் போட்டிருப்பார்கள். கலாம் கலாமாக இருக்கிறாரா என்று மட்டும் ஒரு வரி இருக்காது.

கலாம் சுலபம் சார். அந்த முடியைச் செதுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. காந்திக்குக் கண்ணாடியும் காதும், பெரியாருக்குத் தாடி. இது எதுவுமே இல்லாத ஓர் ஆளை, உங்கள் சித்தப்பாவை, ஓர் அங்குலத்தில் வடித்து, பார்த்த மாத்திரத்தில் சித்தி அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அங்கேதான் விவகாரம் ஆரம்பிக்கிறது.

கைத்திறமையை நான் குறை சொல்லவில்லை. இங்கிலாந்தில் வில்லர்ட் விகன் என்று ஒருவர். ஊசிக் காதுக்குள் சிலை வைப்பவர். நாடித் துடிப்பில் கை அசைந்துவிடும் என்று இரண்டு துடிப்புக்கு நடுவே செதுக்குவாராம். வாயைப் பிளக்கலாம். ஆனால் வாயைப் பிளப்பது வேறு, ரசிப்பது வேறு.

சின்ன உருவத்தில் ஜாடை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு நம்மூர்க் கல்லிலேயே பதில் தேடலாம். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் குடுமியான்மலை. இசைக் கல்வெட்டுக்காகவும், மண்டபத்தில் நிற்கும் ஆளுயரச் சிலைகளுக்காகவும் எல்லோரும் போகிற ஊர். ரதி, மன்மதன், பத்துத் தலை ராவணன் என்று பார்த்து முடிப்பதற்குள் கழுத்து வலித்துவிடும். அப்படியே கொஞ்சம் வெளியே வந்து பாறையின் மேல்பக்கம் பாருங்கள். ரிஷபத்தின் மேல் சிவனும் பார்வதியும், இரண்டு பக்கமும் அறுபத்து மூன்று நாயன்மார்கள். வரிசையாக, சின்னச் சின்னதாக.

வரிசை என்ற அளவில் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். மலையே ஒரு தேர் மாதிரியும், நாயன்மார்கள் அதில் தொற்றிக்கொண்டு வருகிற மாதிரியும் இருக்கும். ஆனால் கீழே நின்றுகொண்டு 'இவர் யார், அவர் யார்?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. கண்ணைப் பிடுங்கிக் கொடுத்த வேடனும், பானை வனைந்த குயவனும், அரசனும் அங்கே ஒரே க்யூ.

சிற்பிக்குத் தெரியாமல் இல்லை. கருங்கல் மணி மணியாகச் சேர்ந்த கல். ஆளுயரச் சிலையில் ஒரு மணி தெறித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். விரற்கடை முகத்தில் தெறித்தால் மூக்கே போச்சு. முகத்தை நம்பி அங்கே ஜாடை பிடிக்க முடியாது.

அப்புறம் எதை நம்புவது? கும்பகோணம் பக்கம் தாராசுரத்தில் விடை இருக்கிறது. இரண்டாம் ராஜராஜன் (1146-1173) கட்டிய கோயில். அவன் அப்பா இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெரிய புராணம் பாடினார். சூடு ஆறுவதற்குள் மகன் அதைக் கல்லில் ஏற்றிவிட்டான். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் சின்னச் சின்னக் கட்டங்கள், அவற்றில் நாயன்மார் கதைகள். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கிற கட்டத்தைக் குனிந்து பாருங்கள். சுந்தரரின் முகம் உங்களுக்கு நினைவில் நிற்காது. முதலை நிற்கும், பிள்ளை நிற்கும், அதனால் சுந்தரரும் நிற்பார். ஆளை அவர் செய்த காரியத்தால் அடையாளம் காட்டிவிட்டான் சிற்பி. போதாததற்குப் பெயரையும் தமிழில் பொறித்துவைத்தார்கள். பெயர்ப் பலகை போட்டது தோல்வி என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது அடக்கமாகப் படுகிறது.

ஜியாகொமெட்டி என்ற சிற்பியை இங்கே இழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெனீவாவில் இருந்தபோது அவர் செய்த உருவங்கள் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் தீப்பெட்டிக்குள் அடங்கின. தூரத்தில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்த ஞாபகம், அந்தத் தூரத்தையும் சேர்த்துச் செய்யப் பார்த்தார். இதைத் தெரிந்துகொண்டு குடுமியான்மலைப் பாறையைப் பார்த்தால், அந்த க்யூவின் மேல் எனக்கு இருந்த கோபம் பாதி குறைகிறது. அவர்கள் சின்னவர்கள் அல்ல, தூரத்தில் இருப்பவர்கள்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இன்னொரு உருவம் கையிலேயே புழங்கியது. அம்மன் காசு. அரையங்குல அகலச் செம்பு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. நவராத்திரியில் அரண்மனை அரிசியோடு இந்தக் காசையும் தானம் கொடுத்தார்கள். 1889 முதல் பர்மிங்காம் எந்திரத்தில் அச்சிட்டு வாங்கினார்கள். அது சுத்தமான வட்டம், பளிச்சென்ற கோடுகள். அதற்கு முன் இங்கேயே கையால் அடித்த காசு கோணல்மாணல், அம்மன் முகம் ஒரு புள்ளி. இரண்டில் எது உசத்தி என்றால் என் ஓட்டு கோணல் காசுக்குத்தான். உட்கார்ந்திருக்கிற தோரணையை வைத்தே 'அம்மன்' என்று சொல்ல வைக்கிறான் பாருங்கள், அந்தப் பெயர் தெரியாத கம்மாளன்! மில்லிமீட்டர் கணக்கெல்லாம் அவனுக்கு யாரும் போடவில்லை.

இதையெல்லாம் ரசிப்பதற்குச் சிலைகள் மிஞ்ச வேண்டும். கும்பாபிஷேகம் என்றால் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்லைத் தேய்த்துக் கழுவுகிற பழக்கம் தமிழ்நாட்டுக் கோயில்களில் பரவி, விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் திட்டித் தீர்த்தார்கள். ஆறடிச் சிலையில் ஒரு மில்லிமீட்டர் போனால் தோல் உரிந்த மாதிரி. அங்குலச் சிலையில் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் கண், மூக்கு, வாய் எல்லாமே. தேய்க்காத இடத்தில் சுண்ணாம்பும் பெயின்ட்டும் கோட்டு கோட்டாக ஏறி, விரல் இடுக்கெல்லாம் தூர்ந்து போகும். பெரிய சிலையின் கை உடைந்தால் பேப்பரில் வரும். சின்னச் சிலையின் முகம் மழுங்கினால் அர்ச்சகருக்கே தெரியாது.

குடுமியான்மலைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சாய்வு வெயிலில்தான் புடைப்புச் சிற்பம் எழுந்து நிற்கும். பைனாகுலர் இருந்தால் நல்லது. அம்மன் காசு பார்க்கத் திருக்கோகர்ணத்தில் மியூசியம் இருக்கிறது. அங்கே பூதக்கண்ணாடி கொண்டுபோகலாம், தப்பில்லை.