மண்டையோடு ஆணா, பெண்ணா?

கீழடியை அடுத்த கொந்தகையில் கிடைத்த இரு மண்டையோடுகளுக்கு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் முகம் அமைத்த படங்களை 2025இல் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இருவரும் ஆண்கள் என்பது செய்தி. அந்த முடிவு எவ்வளவு உறுதியானது? நான் படித்த செய்தி எதிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. (பிழையளவு எழுதாத ரெக்கார்டு நோட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.)

மண்டையோட்டின் நீளம், அகலம், காதின் பின்னுள்ள எலும்பு முனைப்பு முதலியவற்றை அளக்கிறார்கள். சராசரியில் ஆணுடையவை பெரியவை. ஆனால் இருபாலாரின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆவடியிலிருந்து எங்கள் கல்லூரிக்கு ரயிலில் வரும் மாணவியரில் சிலர் மாணவர் பலரைவிட உயரம் அல்லவா? 1963இல் கைல்ஸ், எலியட் இருவரும் அமெரிக்க மண்டையோடுகளை அளந்து அமைத்த சூத்திரங்களே நூற்றுக்கு 82 முதல் 89 வரைதான் சரியாகச் சொல்லின. உருவில் சிறிய மக்களுக்கு அதே எல்லைக்கோட்டை வைத்தால் ஆண்கள் பலர் பெண்களாகிவிடுவர்!

மறுபக்கத் தவறும் உண்டு. ஐயமுள்ள எலும்புகளை ஆண் என்றே எழுதிவிடும் பழக்கத்தை 1972இல் வைஸ் சுட்டிக்காட்டினார். அவர் கணக்கில் ஆண்கள் பக்கம் சுமார் 12 சதவீதச் சாய்வு. பழங்காலப் பெண்கள் இப்படித்தான் கணக்கிலிருந்து காணாமற்போகிறார்கள்.

கொந்தகை முடிவு தவறு என்பதல்ல என் வாதம். பால் அறிய மண்டையோட்டைவிட நம்பகமான இடுப்பெலும்பு உடன் கிடைத்ததா, எந்த மக்களின் அளவுகளோடு ஒப்பிட்டனர் என்பதைப் படத்தின் கீழே இரண்டு வரியில் அச்சிட்டிருக்கலாம்.