சப்பாத்துக்கடியில் ஐந்து பவுண்: கனபானியின் அகதிச் சிறுவர்கள்

பலஸ்தீனை நம்மில் பலர் கவிதை வழியாகத்தான் அறிந்தோம். 1981இல் எம்.ஏ. நுஃமான் தந்த 'பலஸ்தீனக் கவிதைகள்' திறந்த வாசல் அது. நல்ல வாசல்தான். ஆனால் கஸ்ஸான் கனபானியின் சிறுகதைகளையும் அதே காதோடு, முழக்கம் எங்கே என்று தேடியே படித்துவிட்டோம். 1972இல் பெய்ரூத்தில் கார்க்குண்டுக்குப் பலியானவர் என்பது எல்லோருக்கும் தெரியும். டமஸ்கஸில் அகதிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த மாஸ்டர் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வெண்கட்டி பிடிக்கிற எனக்கு அதுதான் முதலில் படுகிறது.

1948இல், பன்னிரண்டு வயதில், அவரே அகதியானவர். பிறகு ஐ.நா. நிவாரண முகவரகத்தின் பாடசாலையில் ஓவியம் படிப்பித்தார். அப்பிளும் வாழைப்பழமும் வரையப் பழக்க வேண்டும் என்றது பாடத்திட்டம். கரும்பலகையில் வரைந்ததை அழித்துவிட்டு, முகாமை வரையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னாராம். பாடசாலை ஒரு பிள்ளையிடம் என்ன கேட்கிறது, பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்ற இந்த இடைவெளியில் இருந்துதான் அவர் கதைகள் பிறக்கின்றன.

'சிறுவன் முகாமுக்குப் போகிறான்' கதையை எடுங்கள். பெரிய குடும்பம், பசி. இரண்டு பையன்கள் கூடையோடு மரக்கறிச் சந்தைக்குப் போய் மிஞ்சியதைப் பொறுக்குகிறார்கள். அங்கே ஒரு பொலிஸ்காரன். அவன் சப்பாத்துக்கடியில் ஐந்து பவுண் நோட்டு. பொலிஸ் என்றால் பிள்ளை ஓடும் என்றுதானே நாம் எழுதுவோம்? இவன் பாய்ந்து எடுக்கிறான். அதன் பிறகு வருவதுதான் கதையின் உயிர்: அந்தக் காசைப் பொலிஸிடமிருந்து காப்பாற்றியது போலவே வீட்டாரிடமிருந்தும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அரசு, சந்தை, குடும்பம் மூன்றையும் ஒரே கண்ணால் அளக்கப் பழகிவிட்டான். கனபானி இதற்காக அவனைத் திட்டவும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் இல்லை.

'துயர ஆரஞ்சுகளின் பூமி'யில் பிள்ளைகளை விடியவே மலைப்பக்கம் அனுப்பிவிடுகிறார்கள், காலைச் சாப்பாடு கேட்காமலிருக்க. வாப்பா என்ற நிறுவனமே அங்கே உடைகிறது. அதைப் பார்த்து நிற்பது ஒரு சிறுவன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் வந்த நம் பிள்ளைகளைப் பற்றியும் கதைகள் வந்தன. நான் வாசித்தவற்றில் அநேகமானவற்றில் பிள்ளை அழும், ஊரைக் கேட்கும், பெரியவரின் துக்கத்துக்குச் சாட்சியாக நிற்கும். நிவாரண வரிசையில் இடம் பிடிக்கும் சாமர்த்தியமோ, புதுப் பாடசாலையில் "அகதி" என்று கூப்பிட்டவனுக்குக் கொடுத்த பதிலோ எழுத்தில் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் இப்போது நாற்பது கடந்தவர்கள். கேட்டால் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்.

கனபானியிலும் எனக்கு ஒரு குறை உண்டு. இந்த இரண்டு கதைகளிலும் பார்ப்பதும் பாய்வதும் பையன்கள். கூடை தூக்காமல் வீட்டில் நின்ற பெண்பிள்ளை, அந்த ஐந்து பவுணைப் பற்றி என்ன நினைத்தாள்?