பெட்டியும் புல்வெளியும்

ஓ. ஈ. ரோல்வாக் 1896இல் நார்வேயினின்று அமெரிக்கா சென்று, தென் டகோட்டாவில் பண்ணையாளாக உழைத்தவர். நார்வீஜிய மொழியில் 1924-25இல் அவர் எழுதி, 1927இல் ஆங்கிலமாகிய 'ஜயண்ட்ஸ் இன் தி எர்த்' என்னும் புதினத்தைக் குடியேற்றத்தின் வெற்றிப் பாட்டெனக் கொள்வார் உளர். எமக்கு அஃது உடன்பாடன்று.

தோழரின் நிலத்திற் பிறர் நட்டிருந்த எல்லைக் கழிகளைப் பேர் ஹன்சா பிடுங்கி மறைவில் எரிக்கின்றான். தோழர்க்கு அது தீரம். மனைவி பெரட்டுக்கோ பாவம். ஆசிரியர் இருவருள் எவரையும் பொய்யாக்கவில்லை. மரமற்ற அவ்வெளியில் ஒளிந்துகொள்ள ஒரு மறைவும் இல்லையென்பதே அவளது முதற்கலக்கம். வெட்டுக்கிளிகள் பயிர்மேல் இறங்கிய நாளில், தாய்நாட்டினின்று கொணர்ந்த முன்னோர் பெட்டிக்குள் அவள் மக்களோடு புகுந்து கிடக்கின்றாள். இதனைப் பித்தென்று கூறி அமைதல் எளிது, பொருந்தாது. 160 ஏக்கருக்கு ஈடாக இழந்தது யாதென்பதை அப்பெட்டியே அளக்கின்றது. ஹன்சாவின் கணக்கில் அவ்விழப்பு ஏறவேயில்லை.

எனினும் பெரட்டைக் குற்றமற்றவளாக்கவும் ஆசிரியர் முனையவில்லை. சாகக் கிடக்கும் நண்பனுக்காகப் பாதிரியாரை அழைத்துவரப் பனிப்புயலிற் செல்லுமாறு கணவனைத் தூண்டுபவள் அவளே. மே மாதத்தில், வைக்கோற்போரின்மீது சாய்ந்தவாறு அவன் உடல் காணப்படுகின்றது. கண்கள் மேற்கு நோக்கியிருந்தன. வெற்றிப் பாட்டென்போர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர்.