ஓமந்தூராரை நேர்மைக்குள் அடைத்து வைத்திருக்கிறோம்

எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்துவிடுவார். பதவி போனதும் அரசு வீட்டைக் காலி செய்தவர், சிபாரிசோடு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர் என்று ஒரு செய்தி. கீழே பத்துப் பேர் கும்பிடு போடுவார்கள். "இப்ப யாரு இருக்கா இப்படி?" என்று ஒருத்தர் முடித்து வைப்பார்.

அவர் நேர்மையில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தப் புகழ்ச்சியில் ஒரு கோளாறு இருக்கிறது. ரெண்டு வருஷத்தில் அவர் என்ன செய்தார், ஏன் போனார் என்று யாரும் கேட்கவே விடாது. நல்லவர், போய்விட்டார், அவ்வளவுதான்.

முதலில் அவர் எப்படி வந்தார் என்று பார்க்கணும். 1946 ஏப்ரலில் சென்னை மாகாணத்துக்குப் பிரதமரானவர் பிரகாசம். (முதலமைச்சரை அன்று அப்படித்தான் சொன்னார்கள்.) காந்தி விரும்பியது ராஜாஜியை, இங்கே கட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பிரகாசமும் ஒரு வருஷம் தாண்டவில்லை. அந்தக் கோஷ்டிச் சண்டையில்தான் காமராஜர் தரப்பு ஆதரவோடு 1947 மார்ச் 23 அன்று ஓமந்தூரார் பதவி ஏற்றார். திண்டிவனம் பக்கத்து விவசாயக் குடும்பம். தனக்கென்று பெரிய அணி கிடையாது. அவரைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு வசதியாகத்தான் இருந்திருக்கும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் ஹார்டிங் ஞாபகம் வரும். 1920ல் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் முன்னணி ஆட்கள் ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு நிற்க, பத்தாவது சுற்று வாக்கெடுப்பில் ஹார்டிங் வேட்பாளர் ஆனார். ஓட்டல் அறையில் சில பெரிய தலைகள் இரவோடு இரவாகப் பேசி முடித்த ஏற்பாடு என்று இன்றைக்கும் சொல்வார்கள். தேர்தலில் சுமார் 60 சதவீத வாக்கு. ஆனால் நண்பர்களைப் பதவியில் வைத்தார். அவர்களில் உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபால், அரசு எண்ணெய் நிலங்களைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டு லஞ்சம் வாங்கியவர். பின்னால் சிறைக்கே போனார். ஹார்டிங் 1923 ஆகஸ்டில் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். அவர் பெயரோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ஊழல்தான்.

சமரசத்தால் வரும் தலைவருக்குப் பதவி என்பது கடன். ஹார்டிங் அந்தக் கடனை அரசாங்கத்தின் கையிருப்பிலிருந்து அடைத்தார். ஓமந்தூரார் அடைக்க மறுத்தார். தூக்கிவிட்ட தரப்பே 1949ல் அவரைக் கைவிட்டது. ஏப்ரல் 6ஆம் தேதி குமாரசாமி ராஜா அந்த இடத்துக்கு வந்தார்.

சரி, வாட்ஸ்அப் செய்தி சொல்லாமல் விடுவது என்ன? மதுரை மீனாட்சி கோயிலில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த ஆலயப் பிரவேசம் நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த உரிமையை மாகாணம் முழுக்கச் சட்டமாக்கியது 1947ல், இவர் ஆட்சியில். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்த சட்டமும் அதே வருஷம். 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். வகுப்புவாரி உத்தரவைத் திருத்தி, 14 இடத்தில் 2ஐப் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கென்று தனியாக ஒதுக்கியதும் 1947ல்தான். 1951ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதும், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்குக் காரணமானதும் இந்த ஒதுக்கீடுதான். இதெல்லாம் யாருடைய நிலத்தை, யாருடைய இடத்தைத் தொட்டது என்று யோசித்தால், அவருக்கு ஏன் இத்தனை எதிரிகள் என்பதும் புரியும். சிபாரிசை மறுத்தது மட்டும் காரணமாக இருந்திருக்காது.

மறுபக்கமும் உண்டு, ரசிகர்கள் அதையும் விட்டுவிடுகிறார்கள். 1948ல் பெரியாரின் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது இவர் அரசு. அதே வருஷம் பள்ளிகளில் மறுபடி இந்தி வந்தது, போராட்டமும் வந்தது. பொது ஒழுங்குச் சட்டத்தின் பேரில் கம்யூனிஸ்டுகளை விசாரணையில்லாமல் உள்ளே வைத்தார்கள். ஏ.கே. கோபாலன் கைதானது 1947 டிசம்பரில். கை சுத்தமான ஆட்சி, கை ஓங்கிய ஆட்சியாகவும் இருக்கலாம். நேர்மை என்பது பணம் வாங்காமல் இருப்பது மட்டும்தான் என்று நாம் சுருக்கிக்கொண்டதால் இது கண்ணில் படுவதில்லை.

கோரிப்பாளையத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது 1952 தேர்தலும் ஞாபகம் வருகிறது. சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்கு 375க்கு 152 இடம்தான். மதுரை வடக்கில் ஜெயித்தவர் கம்யூனிஸ்ட் பி. ராமமூர்த்தி. அந்தத் தோல்விக்கு எத்தனையோ காரணம் உண்டு. ஆனால் அடக்குமுறையை ஜனங்கள் மறக்கவில்லை என்பதும் அதில் ஒன்று என்றுதான் நான் படிக்கிறேன்.

பதவி போனபின் ஓமந்தூரார் வடலூருக்குப் போய் வள்ளலார் வழியில் பணி செய்தார். அது அழகான முடிவு, அதனாலேயே கதை அங்கே முடிந்துவிடுகிறது. அடுத்த தடவை அந்தச் செய்தி வந்தால் நான் கும்பிடு போடப்போவதில்லை. "ஜமீன் ஒழிப்பு, பொட்டுக்கட்டுத் தடை, கருஞ்சட்டைத் தடை, மூணும் இவர்தான்" என்று ஒரு வரி எழுதப்போகிறேன். யாராவது சண்டைக்கு வந்தால் நல்லது. அரசியல்வாதியை அரசியலோடு பேச அப்போதாவது ஆரம்பிப்போம்.